பாதுகாக்கப்பட்ட சண்டை

எங்கள் புல்வீட்டைப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த நேரத்தில் நானும் என் கணவர் காத்தமுத்துவும் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். அதனால் வீட்டோடு சேர்ந்து சண்டையும் பாதுகாக்கப்பட்டது.

மேல்மலையில் இருந்த அந்த வீட்டில் ஒரு செங்கல் கிடையாது. புல்தரையை வேரும் மண்ணுமாகக் கட்டி கட்டியாக வெட்டியெடுத்து அடுக்கினால் அதுதான் சுவர். வேர்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். கூரையிலும் அதே புல்தான், வளர்ந்துகொண்டே இருக்கும். அடுப்படி, படுக்கிற அறை, உருளைக்கிழங்கு அறை, தொழுவம் எல்லாம் ஒரே கூரையின் கீழ். குளிருக்கு அடக்கமாக இருக்கும். மழைக்கு ஒழுகும்.

ஒழுகுவதைப் பற்றித்தான் சண்டை. தகரம் போடலாம் என்றேன் நான். தகரத்துக்குக் கீழே மனுஷன் படுப்பானா என்றார் அவர். அப்போது தொன்மைக் காப்பு அலுவலர் பிரபாவதி மேடம் வாசலில் வந்து நின்று, "அப்படியே இருங்க" என்றார்.

எனக்கு அப்போது நிறைமாதம்.

"இந்த நிமிஷம் எது எது எப்படி இருக்கோ, இனி அது அப்படியே இருக்கணும்" என்றார் மேடம். அவர் சொன்னபடியே நடந்தது. வெயில் காலத்தில் துறையின் தண்ணீர் லாரி மலையேறி வந்து கூரைமேல் நீர் பீய்ச்சியது. ஒழுக்கு நின்றுவிடக் கூடாது அல்லவா?

நாங்கள் அன்று மாலையே சமாதானமாகிவிட்டோம். ஒழுகிய இடத்தில் அவர் வாளியை வைத்தார், என் வீங்கிய கால்களுக்கு வெந்நீர் ஊற்றினார். மறுநாள் காலை பார்வையாளர்களின் வேன் வந்தது. மறுபடி சண்டை போட்டோம். ஒருமுறை சண்டைக்கு நடுவே அவர் வாய்தவறி, "கால் வலிக்குதா?" என்று கேட்டுவிட்டார். மேடம் அவரைத் தனியே அழைத்தார்.

"ஐயா, அந்த வரி மூலத்துல இல்லை."

"மன்னிச்சுக்கங்க."

"சாயங்காலம் கேட்டைப் பூட்டினதுக்கு அப்புறம் நீங்க எப்படி வேணா இருந்துக்கலாம். ஆனா சிரிப்புச் சத்தம் வெளியே கேக்கக் கூடாது."

சிரிப்பு வந்தால் இருவரும் முகத்தைச் சுவரில் புதைத்துக்கொண்டு சிரித்தோம். புல் சத்தத்தை நன்றாக உறிஞ்சும்.

பிரசவ நாள் வந்தது. வலியும் வந்தது. மேடம் வருத்தத்தோடு தலையசைத்தார். "பிள்ளை பிறந்தா அது கூடுதல் கட்டுமானம், அம்மா. வளாகத்துக்குள்ள அனுமதி கிடையாது."

"அப்ப வெளியே போய்ப் பெத்துட்டு வர்றேன்."

"நீங்களும் வளாகத்துல ஒரு பகுதி. உங்களை வெளியே கொண்டுபோனா சிலைத் திருட்டுல வந்துரும்."

சுகாதார நிலையத்து நர்ஸ் ஸ்டெல்லா என் வயிற்றில் காதை வைத்துக் கொஞ்ச நேரம் பேசினார். "சொல்லிட்டேன். பொறுத்துக்கும்" என்று கையைக் கழுவிக்கொண்டு மலையிறங்கினார். வலி நின்றது. பிள்ளை காத்திருந்தது. அடுத்த வருஷமும் காத்திருந்தது.

உள்ளே இருந்தபடியே அது வளர்ந்தது, கவனித்தது. நான் தகரம் என்றால் சும்மா இருக்கும். அவர் வாயைத் திறந்தால் உதைக்கும். பார்வையாளர்களுக்கு அது பிடித்திருந்தது. கேட்டைப் பூட்டியபின் அவர் என் அருகில் உட்கார்ந்து வயிற்றோடு கொஞ்சிப் பேசுவார். அதற்குள் அது தூங்கியிருக்கும்.

"என் குரலை அது சண்டையில மட்டும்தான் கேட்டிருக்கு, செங்கமலம்" என்றார் ஒருநாள். பிறகு துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நானும் சுவரில் முகத்தைப் புதைத்தேன், சிரிப்பதற்கு அல்ல.

தொழுவத்தில் மயிலை என்றொரு பசு இருந்தது. அறிவிப்பு நேரத்தில் அது அசைபோட்டுக்கொண்டிருந்ததால் தொடர்ந்து அசைபோட வேண்டியிருந்தது. அதற்கு நாங்கள் வைக்கோல் வாங்கிப் போட்டோம். மேடம் தடுத்தார். கீழே இருந்து லாரியில் வரும் வைக்கோல் பாரம்பரியம் ஆகாதாம்.

"அப்ப பாரம்பரியமா எதைத் திங்கும்?" என்று கேட்டார் என் கணவர்.

"அதை நீங்கதான் பாத்துக்கணும்."

என் கணவர் தொழுவத்துக்குப் போய் மயிலையின் முகத்தைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பிவிட்டு வந்தார்.

மயிலை சுவரைத் தின்னத் தொடங்கியது. மேடம் ஓடிவந்தார். அசைபோடுவதைத் தடுப்பது சட்டப்படி குற்றம் என்பதால் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். மேலிடத்துக்குப் போன் செய்தார். பசுவைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று மேலிடம் சொல்லிவிட்டது. மழைக்காலம் முழுவதும் மயிலை நிதானமாகத் தின்றது. தொழுவம், உருளைக்கிழங்கு அறை, படுக்கிற அறை, கடைசியாக அடுப்படி. கூரை தானாகவே அதன் வாய்க்கு இறங்கி வந்தது. அறிவிப்புப் பலகை மட்டும் மிஞ்சியது. அது இரும்பு.

வெற்றிடத்தைச் சுற்றி வந்து பார்த்த பிரபாவதி மேடம் முகம் தெளிந்தார். "மூலப்பொருள் ஒரு துளியும் வளாகத்தை விட்டு வெளியே போகல. இடம்தான் மாறியிருக்கு" என்றார். பலகையைக் கழற்றி மயிலையின் கழுத்தில் மாட்டினார்கள். இப்போது அதுதான் பாரம்பரியக் கட்டடம். அது போடும் சாணத்துக்கு இடிபாடு என்று பெயர். மேடமே கையுறை போட்டு அள்ளிப் பெட்டியில் வைக்கிறார்.

எங்களையும் உள்ளே குடிவைக்க முடியுமா என்று அளந்து பார்த்தார்கள். இடம் போதவில்லை. எனவே எங்களைப் பாதுகாப்பிலிருந்து விடுவித்தார்கள்.

அன்று மத்தியானமே வலி வந்துவிட்டது. வீடு இருந்த வெறும் மண்ணில், ஸ்டெல்லா விரித்த கம்பளிமேல், மகள் பிறந்தாள். பல்லெல்லாம் முளைத்திருந்தது. முடி தோள்வரை இருந்தது. அவள் முதலில் அப்பாவைத்தான் பார்த்தாள், கொஞ்சம் முறைப்பாக. இத்தனை காலமும் சொல்லச் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் அவருக்கு மறந்துபோயிற்று.

"பசிக்குதாம்மா?" என்றார்.

"ஆமா" என்றாள் அவள். முறைப்பு கொஞ்சம் குறைந்தது.

வீடு இழந்தவர்கள் என்று அரசாங்கம் எங்களுக்குக் கீழ்மலையில் ஒரு காங்கிரீட் வீடு ஒதுக்கியிருக்கிறது. புது வீடு, ஒரே அறை. சமையலறை எங்கே என்று கேட்டேன். வீட்டுக்கு இப்போது ஐந்தாம் மாதம் நடக்கிறது, சமையலறை தையில் பிறந்துவிடும் என்றார்கள். அதுவரை வெளியே கல் கூட்டிச் சமைக்கிறேன். முதல் பிரசவம் என்பதால் சுவரில் ஆணி அடிக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். காலண்டரை மகள்தான் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.