தோப்புக்குப் போகிறவன்

சிங்காரம் குடிக்கிறான் என்று ஆதியம்மாள் முடிவு கட்டியது ஆடி மாசத்தில்தான். குப்பத்து ஆம்பிளைகள் எல்லாரும் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டிக்கொள்ள, அவள் புருஷன் மட்டும் கையை நீட்டவில்லை. காப்புக் கட்டினவன் சாராயத்தைத் தொடக்கூடாது. வேறென்ன காரணம் இருக்க முடியும்? போதாக்குறைக்குச் சோறு தின்று கை கழுவினதும் சவுக்குத் தோப்புப் பக்கம் தனியாய் நழுவினான். மதுவிலக்கு திரும்ப வந்த பிறகு சரக்கு கிடைத்ததே அந்தத் தோப்பில்தான். கேட்டால் எரிந்து விழுந்தான்.

வயிற்றுவலி அவனைச் சுருட்டிப் போட்ட அன்றைக்கு, மீன்கூடையைப் பக்கத்து வீட்டு ஆராயியிடம் விட்டுவிட்டு மாமல்லபுரத்தில் பஸ் ஏற்றி, செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு இழுத்து வந்தாள்.

டாக்டர் சதாசிவம் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். இரைப்பைக்குப் பின்னால் கணையம் என்று ஒன்று இருக்கிறதாம்; அதன் குழாயில் கல். குழாயைத் திறந்து குடலோடு தைக்காவிட்டால் வலியே ஆளைத் தின்றுவிடும் என்றார். பிறகு அவளைப் பார்த்தார்.

"குடிப்பாரா?"

"குடிக்கும் ஐயா."

படம் உறைக்குள் போயிற்று.

"அப்போ கத்தி வைக்க மாட்டேன்மா. குழாய்ல புண்ணு வந்தா உடம்பே ஏதோ ஒண்ணை அனுப்பிச் சதையை வளரச் சொல்லும். அது இன்னதுன்னு வெளிநாட்டுல இன்னும் தேடிக்கிட்டிருக்காங்க. ஒரு தரம் ஆறினா நல்லது. குடிச்சுக் குடிச்சுத் திரும்பப் புண்ணானா, ஆற ஆறத் தழும்பேறிக் குழாயே அடைஞ்சிடும். நான் தைச்சாலும் அதே கதிதான்."

ஆதியம்மாள் புருஷன் தோளை உலுக்கினாள். "வாயத் தொறயேன்யா. தோப்புல இன்னா வேல உனக்கு?"

அவன் சுவரைப் பார்த்தான். டாக்டர் என்ன நினைத்தாரோ, கணையம் கெட்டால் கொழுப்பு செரிக்காது, வெளிக்குப் போனால் எண்ணெய் மிதக்குமா என்று கேட்டார். சிங்காரத்தின் தலை கவிழ்ந்தது.

"ஆமா சார். நாத்தம் தாங்காது. நாலு பேரோட கரையில எப்பிடிக் குந்துறது? அடக்கவும் முடியல. கோயில் வாசல்ல துணியோட போய்ட்டா? அதான் காப்பும் கட்டல."

"எங்கிட்டச் சொல்றதுக்கு இன்னா?"

"நீ நம்புவியா?"

அவள் டாக்டர் பக்கம் திரும்பினாள். குடித்ததைக் கண்ணால் கண்டதில்லை, எல்லாம் தன் சந்தேகம்தான் என்றாள். இப்போது டாக்டருக்குச் சந்தேகம். ஆபரேஷனுக்காகப் பேச்சை மாற்றுகிற பெண்டாட்டிகளை நிறையப் பார்த்தவர் அவர். வார்டில் போட்டு வைக்கலாம், சாராயம் சொட்டுக்கூட உள்ளே போகாமலே வலி வந்தால் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்.

வார்டு வாசலிலேயே குந்திக்கொண்டாள். புருஷனோடு கடலுக்குப் போகும் மாரி தூக்குச்சட்டி கொண்டுவந்தான். அவள் மூடியைத் திறந்து கஞ்சியை விரலால் கிண்டி முகர்ந்தாள்.

"இன்னா அண்ணி, என்னியுமா?"

"எல்லாரையுந்தான்."

அப்படிக் காவல் இருந்தும் ஒருநாள், ஆஸ்பத்திரிப் பாலும் ரொட்டியும் தின்ற கையோடு வலி வந்துவிட்டது. சிங்காரம் முழங்காலில் முகம் புதைத்துத் துடித்தான். ஆதியம்மாள் ஓடிப்போய் டாக்டரைக் கையோடு கூட்டி வந்தாள்.

"மோந்து பாருங்கய்யா."

டாக்டர் நிஜமாகவே குனிந்து முகர்ந்தார். பால் வாசனைதான். நிமிர்ந்தவர், வியாழக்கிழமை ஆபரேஷன் வைத்துக்கொள்ளலாம் என்றார்.

"தெக்கிற எடம் அளவா ஆறுமாய்யா?"

"ஆறும். அளவா ஆறுதாங்கிறதைப் பார்த்துக்கிட்டேதான் இருக்கணும்."

"அத எங்கிட்ட வுட்ருங்க," என்றாள்.