ஞாயிற்றுக்கிழமைச் சங்கு

என் வீட்டுக்காரர் மாயாண்டிக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. சங்கு ஊதினால் எழும்பிவிடுவார். தேயிலை பெக்டரிச் சங்கைத்தான் சொல்கிறேன். அங்கே கொழுந்து வாட்டும் மாடியில் வேலை அவருக்கு. கை சோற்றில் இருந்தாலும் சரி, தலையில் சோப்பு நுரை இருந்தாலும் சரி, அந்தச் சத்தம் கேட்டதும் கால் கிளம்பிவிடும். மண்டைக்குச் செய்தி அப்புறம்தான் போகும்.

அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். ஒன்றைத்தான் பொறுக்க முடியவில்லை. போன மாதம் எங்கள் மகள் நிலக்ஷிக்குக் கல்யாணம். தோட்டத்து மாரியம்மன் கோயிலில், பெண்ணைத் தாரைவார்த்துக் கொடுக்க எங்கள் இரண்டு பேர் கையையும் சேர்த்து ஐயர் தண்ணீர் ஊற்றப் போகிற நேரம் பார்த்து ஊதிற்று பாருங்கள் சங்கு! மனிதர் விருட்டென்று எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டி, கோயில் வாசல்வரை போய்விட்டார். றொசல்லயிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளை வீட்டார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். என் மானம் கப்பலேறிப் போயிற்று.

ஆகவே மகளும் மருமகன் துஷாந்தும் முதல் விருந்துக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை, விடிந்ததுமே ஆளைப் பிடித்துக்கொண்டேன். அணைக்குக் கீழே ஆற்றில் மீன் பிடித்து மருமகனுக்குக் குழம்பு வைத்துப் போட வேண்டும் என்று அவருக்கு ஆசை. தூண்டிலும் புழு டப்பாவுமாக வாசலில் நின்றார்.

“போங்க. ஆனா மாரியம்மா மேல சத்தியம் பண்ணிட்டுப் போங்க. இன்னிக்கு எந்தச் சங்கு ஊதுனாலும் உக்காந்த எடத்த விட்டு எழும்பக்கூடாது. மாப்புள முன்னால இன்னொரு தடவ என்னால தல குனிய முடியாது.”

“ஞாயித்துக்கெழமை பெக்டரி லீவு மீனம்மா. எவன்டி சங்கு ஊதுவான்?”

“ஊதாட்டி நல்லது. சத்தியம் பண்ணுங்க.”

சாமி படத்துக்கு முன்னால் கற்பூரம் ஏற்றி, அதன்மேல் அடித்துச் சத்தியம் வாங்கினேன். “எழும்ப மாட்டேன், போதுமா? ராங்கி புடிச்சவளே” என்று முணுமுணுத்துக்கொண்டே, தண்ணீரில் விழுந்துவிடும் என்று தன் போனை என் பைக்குள் போட்டுவிட்டு இறங்கிப் போனார்.

பகல் சோற்றுக்கு அவர் வரவில்லை. மீனோடுதான் வருவார் என்று விட்டுவிட்டேன். சாப்பிட்டு முடித்து, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தலவாக்கலையில் நீர்த்தேக்கக் கரைக்குப் போனேன். அந்த அணை வந்ததிலிருந்து ஞாயிற்றுக்கிழமை என்றால் அங்கே திருவிழாதான். கொழும்பு வேன்கள் வரிசையாக நிற்கும். அவித்த சோளம், வெரலுக்காய் அச்சாறு, பலூன், எல்லாம் வந்துவிடும். அன்னப்பறவை மாதிரி செய்த மிதிபடகுகூட வந்திருந்தது. மகளும் மருமகனும் ஆரஞ்சு நிற உயிர்காப்புச் சட்டையை மாட்டிக்கொண்டு அதில் ஏறினார்கள். புதுமாப்பிள்ளை மிதிக்க, என் மகள் ராணியாட்டம் உட்கார்ந்துகொண்டு கையை ஆட்டினாள். எனக்கு மனது நிறைந்திருந்தது. வெயிலும் இதமாக இருந்தது. பாவி மனுசன், இங்கே வந்து உட்கார்ந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன்.

அப்போது ஊதிற்று சங்கு.

சோளத்தைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நின்றேன். நானும் கொழுந்து பறிக்கிறவள்தானே, கை தானாகக் கொழுந்துச் சாக்கைத் தேடுகிறது! அந்திக் கொழுந்து நிறுக்கும் நேரம் வந்துவிட்டது, வரிசையில் கடைசியாக மாட்டிக்கொள்வேன் என்று ஓர் அடி எடுத்தும் வைத்துவிட்டேன். புருசனை ஏசினேனே, என் லட்சணம் இது. அதற்குப் பிறகுதான் உறைத்தது. இன்று ஞாயிற்றுக்கிழமை.

“மேல அக்கரப்பத்தனை பக்கம் நல்ல மழையாம்க்கா. அணைக் கதவு தொறக்கப் போறாங்க” என்றான் சோளக்காரப் பையன். “கீழ ஆத்துல இருக்கிறவங்கள எழும்பிப் போகச் சொல்லித்தான் இந்தச் சங்கு.”

எனக்குத் தெரியாதா? மழைக்காலத்தில் எத்தனை தடவை கேட்டிருக்கிறேன். அணைச் சங்கும் பெக்டரிச் சங்கும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்போலத்தான் சத்தம் போடும். மழை பெய்தால் அணை, வெயில் அடித்தால் பெக்டரி என்று நாங்களாகப் பிரித்துக்கொள்வோம். இன்றோ எங்கள் பக்கம் சுள்ளென்று வெயில். அவர் பெக்டரிச் சங்கு என்றுதான் நினைப்பார். ‘மீனம்மா வேணாம்னு சொன்னாளே’ என்று பாறையை விட்டு அசையாமல் உட்கார்ந்திருப்பார். சத்தியம் வாங்கியவள் நான்தானே!

போனை எடுத்து அவர் நம்பரை அழுத்தினேன். என் பைக்குள்ளேயே மணி அடித்தது.

“ஐயோ மாரியாத்தா!” என்று நான் போட்ட சத்தத்தில் கரையே திரும்பிப் பார்த்தது. பிள்ளைகள் படகைத் திருப்பி மிதித்து வந்தார்கள். மகள் படகிலிருந்து தடுமாறி இறங்குவதற்குள் மருமகன் குதித்து ஓடி வந்துவிட்டார். அதுவரை அவரோடு முகம் பார்த்து நாலு வார்த்தை பேசியதில்லை நான்.

“மாமா அணைக்குக் கீழ இருக்காரு தம்பி. அந்தப் பெரிய பாறையில. எழும்ப மாட்டாரு. நான்தான் எழும்பக்கூடாதுன்னு சத்தியம் வாங்குனேன்!”

“வாங்க மாமி” என்று என் கையைப் பிடித்து இழுத்து ஒரு த்ரீவீலில் ஏற்றினார். மகளும் பின்னால் ஏறினாள். வழியெல்லாம் அந்தச் சங்கு ஏறி ஏறி இறங்கியது. என் உயிர் என்னிடம் இல்லை.

ஆற்று வளைவில் கூட்டம். எல்லாரும் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்க்கிறார்கள். மதகு வழியாகத் தண்ணீர் வெள்ளைவெளேரென்று பாய்ந்து வந்தது. பாறை இருந்த இடத்தில் பாறை இல்லை. நுரைதான் சுழன்றது. கரையோரப் புதரில் அவருடைய சிவப்புத் தொப்பி மாட்டிக் கிடந்தது.

“சத்தியமும் வேணாம் ஒரு மண்ணும் வேணாம்! எழும்பி வாங்க! எழும்பி வாங்க!” என்று ஆற்றைப் பார்த்துக் கத்தினேன். ஒரு பொலிஸ்காரர் ‘யன்ட, யன்ட’ என்று சிங்களத்தில் போகச் சொல்லி எங்களை மேலே விரட்டினார். அதற்குள் மருமகன் கரையில் இறங்கப் பார்த்தார். கழற்ற மறந்திருந்த அந்த ஆரஞ்சுச் சட்டையைப் பின்னாலிருந்து எட்டிப் பிடித்துக்கொண்டேன்.

“எறங்காதீங்க தம்பி. என் மக தாலி ஒரு மாசங்கூடப் பழசாகல” என்றேன். நிலக்ஷி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அந்த நேரத்தில் என் போன் அடித்தது. பெக்டரி வாட்சர் ஜீவராஜ். சாவுச் செய்தியைச் சொல்வதற்குத்தான் கூப்பிடுகிறான் என்று காதில் வைக்கவே பயந்தேன். மருமகன் வாங்கி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வைத்தார்.

“அக்கா, அண்ணனுக்கு மண்டையில ஏதும் கோளாறா? லீவு நாள்ல வந்து பெக்டரி கதவத் தட்டிக்கிட்டு நிக்கிறாரு. காலெல்லாம் சேறு. கையில தூண்டில் வேற. சங்கு ஊதுச்சு, வந்துட்டேங்கிறாரு. நான் எங்கக்கா ஊதுனேன்?”

நடுரோட்டில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டேன். அந்த ஜீவராஜ் நல்லாயிருக்கணும், என் வயிற்றில் பாலை வார்த்தான். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. பக்கத்தில் நின்ற கொழும்பு அம்மா ஒருத்தி எனக்கு வலிப்பு வந்துவிட்டது என்று சாவிக்கொத்தை நீட்டினாள்.

நாங்கள் பெக்டரி முற்றத்துக்குப் போனபோது, திருட்டு முழி முழித்துக்கொண்டு நின்றார் மனிதர். என்னைப் பார்த்ததும் தூண்டிலை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

“கோச்சுக்காத மீனம்மா. சத்தியத்த மீறிட்டேன். நல்ல பெரிய மீனுடி, அப்பத்தான் இழுத்துச்சு. அந்த நேரம் பாத்து ஊதிட்டான். உக்காரணும், உக்காரணும்னுதான் நெனச்சேன். காலு கேக்கல. தொப்பியக்கூட விட்டுட்டேன்.” மருமகனைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். “மாப்புள சிரிப்பாரே இப்ப.”

மருமகன் சிரிக்கவில்லை. “மாமா, அது அணைச் சங்கு” என்றார்.

முற்றத்து ஓரத்தில் நின்றால் ஆறு தெரியும். எட்டிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாகப் படிக்கட்டில் உட்கார்ந்து, தன் இரண்டு முழங்காலையும் தடவிக்கொடுத்தார்.

அந்த ஆளுக்கு இரண்டு போடு போட வேண்டும்போல் இருந்தது எனக்கு. போட்டேன், முதுகில். போட்ட கையை எடுக்க மனம் வராமல் அங்கேயே வைத்துக்கொண்டேன்.

அன்றைக்கு ராத்திரி விருந்துக்கு டின் மீன் குழம்புதான். மருமகன் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். மாரியம்மனுக்கு ஒரு தேங்காய் உடைத்து, ‘தாயே, அந்தச் சத்தியத்தை நீ கணக்கில் எடுக்காதே’ என்று கேட்டுக்கொண்டேன்.

மறுநாள் காலை. நான்கு பேரும் உட்கார்ந்து ரொட்டியும் கட்டச்சம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். பெக்டரிச் சங்கு ஊதிற்று. ரொட்டியைப் பிய்த்த கையோடு பாதி எழும்பியவர், அப்படியே நின்று, மருமகனை ஒரு பார்வையும் என்னை ஒரு பார்வையும் பார்த்தார்.

“என்னா பாத்துக்கிட்டு நிக்கிறீங்க?” என்றேன். “ஓடுங்க!”