காயில் கட்டுபவரும் பல் டாக்டரும்

பல் டாக்டருக்கு அந்த ஆசை வந்தது ஒரு நோயாளியின் வீட்டில்தான். படுக்கையை விட்டு எழ முடியாத பெரியவருக்குப் பல்செட் சரிபார்க்கப் போனவர், அலமாரியில் பழைய ரேடியோ வால்வு போலக் கனன்ற கண்ணாடி டியூப்கள் வழியே வயலின் கேட்டார். ஊசிமுனை மாதிரி காதைக் குத்தாமல், பக்கத்து அறையில் யாரோ வாசிப்பது போல வந்தது. வீட்டுக்கு வந்ததும் கணவரிடம், "டியூப் ஆம்ப்ளிபயர் ஒண்ணு நானே செய்யப் போறேன்" என்றார்.

கணவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துபவர். "கடையில ரெடியா கிடைக்குமே."

"கார்கூட டிரைவரோட கிடைக்குது. உங்ககிட்ட ஏன் கத்துக்க வர்றாங்க?"

அவர் கார் சாவியை எடுத்துக்கொண்டு வகுப்புக்குக் கிளம்பினார்.

வரைபடம் சின்னதுதான். இரண்டு டியூப், ஒரு ஸ்பீக்கர், நடுவே கொஞ்சம் சில்லறைச் சாமான்கள். சாமான் வாங்கப் போனபோதுதான் டாக்டருக்கு உலகம் புரிந்தது.

முதலில் வந்த டியூப்பின் தலையில் வெள்ளி போல மின்ன வேண்டிய பூச்சு பால் மாதிரி வெளுத்திருந்தது. உள்ளே காற்றுப் புகுந்துவிட்டது என்று அர்த்தம். விற்றவரைப் போனில் பிடித்தார்.

"வெள்ளையா இருந்தா என்ன மேடம், பார்க்க லட்சணமா இருக்குமே."

"நான் அதைக் கட்டிக்கப் போறதில்லைங்க. அதுல பாட்டு வரணும்."

அவர் வேறொன்று அனுப்பினார். அதற்குள் சாக்கெட் வந்தது. டியூப்புக்குக் கால் எட்டு. சாக்கெட்டில் ஓட்டை ஒன்பது. அந்தக் கடைக்காரர் இன்னும் தெளிவானவர்: "ஒண்ணு அதிகமாத்தானே மேடம் குடுத்திருக்கோம்?"

இவர்களெல்லாம் பரவாயில்லை என்று எண்ண வைத்தவர், மோட்டார்களுக்குக் கம்பிச் சுருள் சுற்றித் தரும் காயில் கட்டுபவர். டியூப்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே ஒரு டிரான்ஸ்பார்மர் வேண்டும். அது எந்தக் கடையிலும் இல்லை. சொல்லித்தான் செய்ய வேண்டும். பஸ் நிலையத்துக்குப் பின்னால், எரிந்துபோன தண்ணீர் மோட்டார்களுக்கு நடுவே அவர் உட்கார்ந்திருந்தார். டாக்டர் எல்லாம் விளக்கினார். முக்கியமாக ஒன்றை இரண்டு தடவை சொன்னார்: "இரும்புத் தகடுகளை மாத்தி மாத்திக் கோக்காதீங்க. இங்கிலீஷ் ஈ எழுத்து மாதிரி இருக்கறதெல்லாம் ஒரு பக்கம், பட்டையா இருக்கறதெல்லாம் இன்னொரு பக்கம். நடுவுல ஒரு பேப்பர் வெச்சு இடைவெளி விடணும்."

"டாக்டர், நான் பொறந்ததே காயிலுக்குள்ள. நாளைக்கு வாங்க."

மறுநாள் போனால் மறுபடியும் "நாளைக்கு வாங்க". அதற்கு மறுநாள் போனால் கம்பி தீர்ந்துவிட்டது. கம்பி வந்தபோது கரண்ட் இல்லை. கரண்ட் வந்தபோது அவர் இல்லை. கிளினிக்குக்கும் அந்தச் சந்துக்கும் நடந்து நடந்து டாக்டரின் செருப்பு தேய்ந்தது.

ஒரு நாள் காலை, கன்னத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு அவரே கிளினிக்கில் வந்து நின்றார்.

"எப்பலேர்ந்து வலி?"

"ஒரு மாசமா இருக்கு டாக்டர். நாளைக்குப் பார்த்துக்கலாம், நாளைக்குப் பார்த்துக்கலாம்னு..."

டாக்டர் அவரையே பார்த்தார். சொல்ல வேண்டிய வார்த்தை நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் வீங்கிய கன்னத்தோடு வந்தவரை அலைக்கழிக்க மனம் வரவில்லை. தன்மேலேயே எரிச்சலோடு நாற்காலியைச் சாய்த்து, ஊசி போட்டு, வாய் நிறையப் பஞ்சை வைத்தார். பிறகுதான் பேச ஆரம்பித்தார். கம்பி, கரண்ட், செருப்பு ஒன்றையும் விடவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாகக் காயில் கட்டுபவர் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டார்.

அன்று மாலையே டிரான்ஸ்பார்மர் வந்துவிட்டது, வார்னிஷ் பளபளக்க. ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் இணைத்துச் சுவிட்சைப் போட்டார். ஷாக் அடித்தால் தள்ளிவிடுவதற்காகக் கணவர் துடைப்பக்கட்டையோடு தயாராக நின்றார். டியூப் கனன்றது. வயலின் வந்தது, பானைக்குள் தலையை விட்டுக்கொண்டு யாரோ அழுவது போல.

"இதுக்குத்தானா இவ்வளவு அலைஞ்சே?" என்றார் கணவர், பாவமாக.

டாக்டர் பிளக்கைப் பிடுங்கி, தேங்கிய கரண்ட் இறங்கும்வரை காத்திருந்து, டிரான்ஸ்பார்மரின் மூடியைக் கழற்றினார். தகடுகள் மாற்றி மாற்றித்தான் கோக்கப்பட்டிருந்தன. பேப்பரும் இல்லை, இடைவெளியும் இல்லை. பல்லைக் கடிக்காதீர்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்பவர் நறநறவென்று கடித்தார்.

திருப்பிக் கொடுத்தால் மறுபடி அந்தச் சந்து. அதை நினைத்தாலே கால் வலித்தது. கிளினிக்கிலிருந்து பல் காரை சுரண்டும் கருவியை எடுத்து வந்தார். வார்னிஷில் ஒட்டிக் கிடந்த தகடுகளை ஒவ்வொன்றாக, ஈறில் ரத்தம் வராமல் எடுப்பது போலப் பிரித்தார். ஈயெல்லாம் ஒரு பக்கம், பட்டையெல்லாம் ஒரு பக்கம், நடுவே மருந்துச் சீட்டிலிருந்து கிழித்த ஒரு துண்டுத் தாள்.

இந்தத் தடவை வயலினோடு வாசிப்பவர் மூச்சு விடுவதும் கேட்டது. கணவர் துடைப்பக்கட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பல்லுக்கு இரண்டாவது தடவை வந்தபோது காயில் கட்டுபவரை டாக்டர் கிளினிக்கின் பின்னறைக்குக் கூட்டிப் போய், வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த ஆம்ப்ளிபயரைப் போட்டுக் காட்டினார். அவர் கண்ணை மூடிக் கேட்டார்.

"நம்ம கை சும்மாவா டாக்டர்?"

"உங்க கை இல்லை. பிரிச்சு மறுபடி கோத்தது நான். பேப்பர் வெக்கவே இல்லை நீங்க."

அவர் முகம் சுருங்கியது. குனிந்து தகடுகளைப் பார்த்தார். பிறகு, "எவ்வளவு கனம் பேப்பர் போட்டீங்க?" என்று மட்டும் கேட்டார்.

டாக்டர் ஒரு சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். அவர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் அவர் கடை வாசலில் ஒரு புதுப் பலகை தொங்கியது: 'டியூப் ஆம்ப்ளிபயர் டிரான்ஸ்பார்மர் ஸ்பெஷலிஸ்ட்'. அதைப் படித்துவிட்டு டாக்டர் தெருவிலேயே தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனாலும் உள்ளே போனார். ஜோடியாக வாங்கிய ஸ்பீக்கர்களில் இரண்டாவது வீட்டில் சும்மாதான் கிடந்தது; அதற்கும் ஒரு டிரான்ஸ்பார்மர் வேண்டும்.