கேதீஸ்வரனின் தண்ணீர்

நீர்வேலியில் தயாளினியின் வாழைத்தோட்டத்தை ஒட்டிய காணியை வாங்கிய கேதீஸ்வரன், மண் கொட்டி அதை உயர்த்திக் கல்யாண மண்டபம் கட்டினான். முற்றம் முழுக்கச் சீமெந்து. மழைத்தண்ணீரை முன் தெருவான ஒழுங்கையின் வாய்க்காலுக்கு விடுவதென்றால் கார்கள் நிறுத்தும் இடத்தைக் கிண்டித் தோண்டவேண்டும். அதனால் மதிலின் அடியில் ஒரு குழாயைப் போட்டுத் தண்ணீரை அவளுடைய தோட்டத்துக்குள் திருப்பிவிட்டான். அந்த மாரியிலேயே வாழைகள் வேரழுகிச் சாய்ந்தன.

அவள் கேட்கப் போனபோது வேலையாட்களுக்கு முன்னால் சிரித்தான். "தண்ணி பள்ளத்துக்குத்தானே ஓடும், பிள்ளை."

சாய்ந்த வாழைகளை வெட்டி அடுக்கும்போதும் அந்தச் சிரிப்பு அவளைக் குடைந்தது.

"விடு தயா, அவனோடை கொழுவேலாது" என்றான் கணவன் வாகீசன்.

அவள் விடவில்லை. பழுதான மின்சாரச் சைக்கிளொன்றின் மோட்டார் பூட்டிய பின்சில்லை யாழ்ப்பாணத்தில் வாங்கி வந்தாள். சுற்றினால் அது கரண்ட் தருமென்று கைபேசியில் பார்த்திருந்தாள். பிளாஸ்டிக் குழாயைக் கிண்ணம் கிண்ணமாக அரிந்து சில்லைச் சுற்றிப் பூட்டி, மதிற்குழாயின் கீழே நிறுத்தினாள். முதல் மழையில் கிண்ணங்கள் பிய்ந்து பறந்தன. தகரப்பட்டி போட்டு இறுக்கினாள். அடுத்த மழைக்குச் சில்லு சுழன்றது. அதிலிருந்து கம்பி இழுத்துப் பூட்டிய பற்றரி நிரம்பியது. வாசலில் வண்ணப் பல்புகள் வரிசையாக எரிந்தன.

"வீட்டிலை கரண்ட் இருக்கு. பிறகு உது என்னத்துக்கு?" என்றான் வாகீசன்.

"அவன் பாக்கத்தான்."

சனம் பார்க்க வந்தது. ஒவ்வொருவரிடமும் மதிலுக்கு அப்பால் கேட்கும்படி, "கேதீஸ் அண்ணையின்ரை உபகாரம். தண்ணி சும்மாதான் தாறார்" என்றாள். கடைத்தெருவில் ஆட்கள் கேதீஸ்வரனிடமே விசாரித்தார்கள்: "உம்மடை தண்ணியிலை தயாளினி வீட்டிலை திருவிழாவாமே?"

தன் பொருளில் இன்னொருவர் சுகம் காண்பதை அவனால் பொறுக்க முடியாது. அது அவளுக்குத் தெரியும். அதற்காகவே காத்திருந்தாள்.

ஒருநாள் காலையில் குழாய் சீமெந்தால் அடைபட்டுக் கிடந்தது.

"பாவி, அடைச்சுப்போட்டான்!" என்று வாகீசன் பதறினான். அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

கார்த்திகையில் மண்டபத்தில் ஒரு கல்யாணம். விடியத் தொடங்கிய மழை விடவேயில்லை. போக வழியில்லாத தண்ணீர் முற்றத்தில் ஏறி, பந்தி நடக்கும்போது சாப்பாட்டு மண்டபத்துக்குள் நுழைந்தது. கேதீஸ்வரன் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்துக் கத்தினான்.

"பிள்ளை, இஞ்சாலை குழாய்வாய் தண்ணிக்குள்ளை மூடுண்டுபோச்சு. உன்ரை பக்கத்தாலை அந்தச் சீமெந்தை உடை!"

"உடைச்சா என்ரை மிச்ச வாழைக்குள்ளைதானே வரும்? ஒழுங்கைப் பக்கம் கிண்டுங்கோ, அண்ணை."

"அங்கை காரெல்லாம் நிக்குது!"

"எடுக்கச் சொல்லுங்கோ."

அவள் ஏணி வைத்து மதிலில் ஏறிப் பார்த்தாள். மணப்பெண் கூறைச்சேலையைத் தூக்கிப் பிடித்தபடி நாற்காலியில் நின்றாள். கண்மை கரைந்திருந்தது. தயாளினிக்கு நெஞ்சு சுருக்கென்றது. ஆனாலும் சீமெந்தை உடைக்க அவள் அலவாங்கை எடுக்கவில்லை.

பெண்ணின் தகப்பன் எல்லோருக்கும் முன்னால் கேதீஸ்வரனை வாய்க்கு வந்தபடி ஏசினார். கார்கள் ஒவ்வொன்றாக வெளியேறின. கேதீஸ்வரன் பட்டு வேட்டியை மடித்துக் கட்டி, கொட்டும் மழையில் தானே அலவாங்கால் ஒழுங்கைப் பக்கத் தரையைக் கொத்தத் தொடங்கினான்.

"இனி ஒருக்காலும் எங்கடை சில்லுக்குத் தண்ணி வராதே" என்றான் வாகீசன் கீழே நின்று.

"வராட்டில் என்ன? குடையை எடுத்துத் தாங்கோ."

தண்ணீர் ஒழுங்கை வாய்க்காலைத் தொடும்வரை அவள் ஏணியிலிருந்து இறங்கவில்லை.