விரல் விரியும் நேரம்

“உம்மாவுக்கு விரல் எத்தன மணிக்கு விரியும்?”

துபாயிலிருந்து வந்திருந்த நௌஷாத் அண்ணன் என்னிடம் கேட்டார். சைத்தூன் மாமியின் மகன். மாமிக்கு முடக்குவாதம் வந்து ஏழு வருடம். பத்தாவதோடு நின்றுவிட்ட நான்தான் இரண்டு வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“பத்தர ஆயிடும்ண்ணே,” என்றேன்.

காலையில் மாமியின் கைகள், கட்டைவிரலை உள்ளே வைத்து இறுக மூடியிருக்கும். ஆஸ்பத்திரி நர்ஸ் சொல்லிக்கொடுத்தபடி, பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் முக்கி, சுண்டுவிரலிலிருந்து ஒவ்வொன்றாகத் தடவிக் கொடுப்பேன். இழுக்கக் கூடாது. அதுவாக வர வேண்டும். வருவதற்குள் மாமி, தான் பிறந்த ஊரான திருவிடைமருதூர்க் கதை முழுவதும் சொல்லி முடித்திருப்பார்.

அண்ணன் கேட்டதற்குக் காரணம் இருந்தது. மாமி பேரில் இருந்த வீட்டை அண்ணன் பேருக்கு மாற்ற, பதிவு அதிகாரி முந்தின நாள் காலை ஒன்பது மணிக்கு வீட்டுக்கே வந்திருந்தார். ரேகைக் கருவியில் கட்டைவிரல் படவில்லை. அண்ணன் விரலை இழுத்துப் பார்த்தார். மாமி போட்ட சத்தத்தில் அதிகாரி, “வேற ஒரு நாள் பாப்போம் பாய்,” என்று எழுந்துவிட்டார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை வருவதாகப் பேச்சு. திங்கள் சாயங்காலம் மாமி என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

“அஃப்ரீனு, நாளைக்கு வெந்நி வைக்காத.”

“வலிக்குமே மாமி.”

“வலிக்கட்டும். இந்த வீடு தஹ்மீனாவுக்கு. ரெண்டு புள்ளைய வச்சுக்கிட்டு வலங்கைமான்ல வாடகைக்குக் கெடக்கா எம் மவ. இவன் மூஞ்சியப் பாத்து இல்லேன்னு சொல்ல எனக்கு வாய் வரல. கையாச்சும் சொல்லட்டும்.”

நான் தலையாட்டினேன்.

செவ்வாய் காலை ஏழு மணிக்கே அண்ணன் வெந்நீர்ப் பாத்திரத்தோடு வந்து நின்றார்.

“ஆரம்பி. ஒனக்கு மட்டுந்தான் விரியுமாம்ல? பெரிய டாக்டரு.”

சிரித்தார். உட்கார்ந்தேன். மாமி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கதை எதுவும் சொல்லவில்லை. விரியாமல் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே தடவினேன். ஆனால் தடவுவதை நிறுத்தவில்லை. கடைசியாகக் கட்டைவிரல், ஈரமும் சூடுமாக, என் உள்ளங்கையில் வந்து கிடந்தது.

“சம்மதந்தானேம்மா?” என்றார் பத்தரைக்கு வந்த அதிகாரி. மாமி மகனைப் பார்த்துத் தலையசைத்தார். கருவியில் பச்சை விளக்கு எரிந்தது.

அதற்குப் பிறகு அந்தக் கை எனக்கு விரியவே இல்லை. மதியம்வரை வெந்நீரை மாற்றி மாற்றி ஊற்றினாலும் மூடியே இருந்தது. ஆனால் தினமும் விடியற்காலையில், நான் கண் விழிக்கும் முன், என் உள்ளங்கையில் ஒரு கட்டைவிரல் வந்து கிடக்கிறது. கனம் தெரிகிறது. சூடும் தெரிகிறது.

“என்னடி, கைய இப்புடி இறுக்கிக்கிட்டுத் தூங்குற?” என்றார் அம்மா.

“குளிருதும்மா.”

அண்ணன் வீட்டை விற்ற வாரம் தஹ்மீனா அக்கா மாமியை அழைத்துப்போக ஆட்டோவோடு வந்தார். மாத்திரைகளைப் பிரித்துக் காட்டினேன்.

“இது வாரத்துக்கு ஒண்ணுதாங்க்கா. ஞாயித்துக்கெழம மட்டும். தெனம் குடுத்துடாதீங்க.”

“ஒன்ன மாதிரி எனக்குப் பாக்க வருமா, புள்ள?” என்றார் அக்கா. அவருக்கு எதுவும் தெரியாது.

மாமியை ஏற்றிவிடக் கை நீட்டினேன். மாமி இரண்டு கைகளையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். தோளை ஆட்டோக் கம்பியில் சாய்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு தானே ஏறினார். வாய்க்கால் பாலம் தாண்டும்வரை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.