வருஷத்துக்கு ஒரு ஸ்கேன்

ஸ்ட்ரெச்சர் லிஃப்ட்டுக்குள் பாதி நுழைந்திருந்தது. டாக்டர் கைகாட்டி நிறுத்தினார்.

"கடைசியா எப்ப ஸ்கேன் எடுத்தீங்க?"

ஜெனிட்டா ஸ்ட்ரெச்சரில் கிடந்த அப்பாவைப் பார்த்தாள். அப்பா ஏசுபாதத்துக்கு வயிற்றில் பெரிய ரத்தக்குழாய் வீங்கி, இரண்டரை வருடத்துக்கு முன் தொடை வழியாக ஸ்டென்ட் வைத்தார்கள். இரண்டு சின்னத் தையல், நாலாம் நாள் சதுரங்கப்பட்டினத்து வீடு, அடுத்த மாதமே ரிசார்ட்டில் பைப் வேலை. வயிற்றில் கத்தி படாததை யார் ஆபரேஷன் என்று மதித்தார்கள்? வருஷா வருஷம் ஸ்கேனுக்கு வரச்சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து அவள் போனுக்குத்தான் கூப்பிட்டார்கள். முதல் தடவை புது வேலை, லீவு கேட்கப் பயம். இரண்டாம் தடவைக்குக் காரணம் என்று ஒன்றுமில்லை. இரண்டு தடவையும் அப்பாவிடம், "இந்த வருஷம் வேணாம்னுட்டாங்கப்பா" என்றாள்.

"உள்ளுக்குள்ள கசிஞ்சு வீக்கம் பெருசாயிடுச்சு. இப்ப வயித்தைத் திறந்து ஸ்டென்ட்டை எடுத்தாகணும். உயிருக்கு உத்தரவாதம் இல்ல. ஏன் வராம விட்டீங்க?"

அம்மா செங்கம்மாள் திரும்பினாள். "இன்னாடி, வரச்சொன்னாங்களா?"

ஏசுபாதம் மகளின் முகத்தை ஒரு கணம் பார்த்தார்.

"பொண்ணு கூப்ட்டுகினேதான் இருந்துச்சி. நான்தான் வரலன்னுட்டேன். அத்த ஒண்ணும் சொல்லாத."

லிஃப்ட் மூடிக்கொண்டது. ஜெனிட்டாவுக்கு அப்பாடா என்றிருந்தது. அப்படித் தோன்றியதில் தன்மேலேயே அருவருப்பும் வந்தது. அவர் பிழைத்து வந்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

நர்ஸ் இரண்டு முறை வந்து ரத்தம் கேட்டாள். மூன்றாம் முறை ரத்தம் கேட்கவில்லை. "வீட்டு ஆம்பளைங்க யாராவது வந்துருக்காங்களா?" என்றாள்.

மறுநாள் பாதிரியார் வரும்வரை வீட்டு வாசலில் சவப்பெட்டியைத் திறந்தே வைத்திருந்தார்கள். செங்கம்மாள் பெட்டியின் விளிம்பில் அடித்து அடித்து அழுதாள்.

"ஊரான் வூட்டு பைப்பு ஒழுவுனா ஓடுவியே, உன் ஒடம்புக்கு ஓடுனியா நீ? பெத்த பொண்ணு கூப்ட்டும் வரலன்னுட்டியே."

"ஆம்பளைங்க எங்க சொன்ன பேச்சு கேக்குறாங்க" என்றாள் பக்கத்து வீட்டு ஞானம்பாள். பெண்கள் ஆமாம் என்றார்கள். பெட்டிக்குள் கிடந்தவரை எல்லோரும் குறை சொல்வதுபோல் பார்த்தார்கள்.

செங்கம்மாள் மகளின் தோளைப் பிடித்தாள். "நீ எவ்ளோ கெஞ்சியிருப்ப. கேட்டாரா உங்கப்பா?"

சொல்லிவிடலாம் என்றுதான் ஜெனிட்டா வாயைத் திறந்தாள்.

"கேக்கலம்மா."

செங்கம்மாள் அவள் தலையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.