ஒரு வரி கீழே

மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி பொருத்தும் வேலை செய்த அவனுக்கு நண்பர்கள் வைத்த பெயர் வால்யூம். பேசினாலும் சத்தம், பாட்டு போட்டாலும் சத்தம். அவன் உயிரையே வைத்திருந்த இசையமைப்பாளரை ரசிகர்கள் பெரியவர் என்றும், அவருக்குப் போட்டியாக வந்த இசையமைப்பாளரைச் சின்னவர் என்றும்தான் சொல்வார்கள். பணிமேசையில் லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்துக்கு மேலே பெரியவரின் படம் இருந்தது. கடைக்கு வருகிறவர்கள் தங்கள் பார்வைக் குறையைச் சொல்வதற்கு முன்னால் அந்தப் படத்தைப் பார்த்து ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட வேண்டும். அப்போதுதான் வேலை சுறுசுறுப்பாக நடக்கும்.

ஒருவரை நெஞ்சார நேசிப்பது கடவுள் மனிதனுக்குக் கொடுத்த வரம். அந்த நேசம் நிற்பதற்கு எதிரில் ஒரு எதிரி வேண்டும் என்று தோன்றத் தொடங்கினால், வரம் கெட்டுப்போகிறது.

பெரியவருக்கு வரவேண்டிய விருதுகளை யாரோ தடுத்துவிட்டார்கள் என்பது ரசிகர் மன்றத்தின் பழைய குமுறல். அதை நிரூபித்துக் காட்டுகிறேன் என்று வால்யூம் கிளம்பினான். படங்களின் பட்டியலை ஓர் இணையதளத்திலிருந்து எடுத்தான். விருது விழாக்களின் நடுவர் பட்டியலை இன்னொன்றிலிருந்து எடுத்தான். கணினியில் இரண்டையும் வருஷத்துக்கு வருஷம் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினான். பெரியவர் தோற்ற வருஷங்களிலெல்லாம் ஒரே ஆள் நடுவராக இருந்தார். வென்ற வருஷங்களில் அவர் இல்லை. அவர் ஓய்வுபெற்ற வயலின் டீச்சர். வீட்டில் பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்து அதில்தான் காலம் தள்ளினார்.

டீச்சர் இருந்த வரிகளுக்கெல்லாம் வால்யூம் சிவப்பு நிறம் பூசி, மன்றத்தின் இணையப் பக்கத்தில் போட்டான். 'சிவப்பு எங்கேயோ அங்கே சூழ்ச்சி' என்று தலைப்பும் கொடுத்தான். காட்டுத்தீ போலப் பரவியது. இரண்டே வாரத்தில் டீச்சர் வீட்டு இரும்புக் கதவில் யாரோ கறுப்புச் சாயத்தால் 'திருடி' என்று எழுதிவிட்டுப் போனார்கள். பெற்றவர்கள் ஒவ்வொருவராக ஏதாவது காரணம் சொல்லிப் பிள்ளைகளை வயலின் வகுப்புக்கு அனுப்புவதை நிறுத்திக்கொண்டார்கள்.

வால்யூமின் தங்கை ஒரு மருந்து நிறுவனத்தில் புள்ளியியல் வேலையில் இருந்தாள். எந்த மருந்து யாருக்குக் கேட்டது, எது கேட்டதுபோல ஏமாற்றியது என்று எண்களை வைத்துப் பிரித்துச் சொல்வது அவள் வேலை. அண்ணன் போட்ட அட்டவணையைப் பார்த்ததும் தப்பு எங்கே என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் நேரே அவன் கடைக்குப் போனாள்.

"அண்ணா, ஒரு நிமிஷம் அந்த மெஷினை நிறுத்து."

"வந்துட்டாங்கய்யா டாக்டரம்மா. மருந்துக்கு கணக்கு பாக்கறதை விட்டுட்டு இங்க என்ன?"

"நீ போட்ட அட்டவணை தப்பு. படம் வர்ற வருஷம் வேற, விழா நடக்கற வருஷம் வேற. இந்த வருஷப் படத்துக்கு அடுத்த வருஷம்தானே விழா? உன் படப் பட்டியல்ல ரிலீஸ் வருஷம் இருக்கு, நடுவர் பட்டியல்ல விழா வருஷம் இருக்கு. நீ நேருக்கு நேர் ஒட்டிட்ட. நடுவர் பட்டியலை ஒரு வரி தள்ளிப் பாரு. உன் சிவப்பெல்லாம் கலைஞ்சிடும்."

அவன் லென்ஸைத் துடைத்துக்கொண்டே சிரித்தான். நல்ல சிரிப்பு இல்லை அது.

"தெரியும்டி. சின்ன வயசுலேருந்தே நீ சின்னவர் ஆளு. பெரியவர் பாட்டு போட்டா ரேடியோவை அணைக்கிற ஜாதி. இப்ப படிப்பு இருக்குன்னு புதுசா கணக்கு சொல்ற."

"சின்னவர் பெரியவர் பேச்சே இல்லண்ணா இது. அந்தம்மாகிட்ட படிக்க வர்ற பிள்ளைங்க ஒவ்வொண்ணா நின்னுட்டு வருது."

"நல்லாப் பாடம் நடத்தியிருந்தா வந்திருப்பாங்க."

"உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா இல்லையா?"

"இருக்கு. அது முழுக்க பெரியவர்தான். இடமில்ல, கிளம்பு." கடைப்பையனிடம் சொல்வதுபோல வாசலைக் காட்டினான். தங்கை போனபிறகு இயந்திரத்தை முன்னைவிடச் சத்தமாக ஓடவிட்டான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நூலகத்தின் மாடிக் கூடத்தில் மன்றக் கூட்டம். வால்யூம் திரையில் அட்டவணையைப் போட்டுப் பேசப்போகிறான். விருதுக்குழுவுக்குப் புகார் அனுப்பும் தீர்மானம் ஒன்றும், டீச்சர் பெயரைப் போட்டே, அன்று நிறைவேறப்போகிறது. தங்கை கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். பக்கத்தில் வால்யூமின் மனைவி.

"அண்ணி, நீங்களாவது சொல்லக்கூடாதா?"

"எங்க வீட்டு ரேடியோவுக்கு சத்தம் கூட்டற பொத்தான் மட்டும்தான் இருக்கு, குறைக்கறதுக்கு இல்லை" என்றாள் அண்ணி.

கூட்டம் தொடங்கிச் சிறிது நேரத்தில் வாசலில் ஒரு பெண்மணி வந்து நின்றார். நரைத்த தலை, தோளில் துணிப்பை. யாரென்று தெரிந்ததும் கூடம் கசகசத்தது. காலியாக இருந்த நாற்காலிகளில் எங்கிருந்தோ பைகள் வந்து ஏறின. "இங்க ஆள் வருது" என்றார் ஒருவர். "இங்கயும்தான்" என்றார் இன்னொருவர். தன்னைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று நேரில் கேட்க வந்த டீச்சர் ஒவ்வொரு வரிசையாக நின்று நின்று நடந்தார். அண்ணி தன் பக்கத்து நாற்காலியிலிருந்த குடையையும் கைப்பையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"உக்காருங்கம்மா."

பெரிய காரியம் ஒன்றுமில்லை, ஒரு குடையை எடுத்துக் கொண்டது மட்டும்தான். ஆனால் அந்தக் கூடத்தில் அன்று வேறு யாராலும் அது முடியவில்லை.

வால்யூம் மேடையில் முழங்கினான். சிவப்பு வரிகளை ஒவ்வொன்றாகக் குச்சியால் தட்டினான். ஒவ்வொரு தட்டுக்கும் கூட்டம் ஊளையிட்டது. "வெட்கமில்லாம இங்கயே வந்து உக்காந்திருக்கு பாரு" என்று முன்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. டீச்சர் திரையைப் பார்க்க மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டினார். அது நழுவியது. மறுபடி ஏற்றினார்.

தங்கை எழுந்தாள். எதிர்த்துப் பேசினால் அடித்து உட்கார வைத்துவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். அதனால், ரசிகன் எவனும் பதில் சொல்லாமல் விடமுடியாத கேள்வி ஒன்றைக் கேட்டாள்.

"கப்பல் படம் எப்ப ரிலீஸ் ஆச்சு?"

பெரியவருக்கு விருது வாங்கிக்கொடுத்த படம் அது. ரசிகர்கள் அதைக் கப்பல் படம் என்றே சொல்வார்கள்.

"என்கிட்டயேவா?" வால்யூம் மார்பை நிமிர்த்தினான். "என் பத்தாவது காலாண்டு கணக்குப் பரீட்சை அன்னிக்கு. பரீட்சைக்குப் போகல, படத்துக்குப் போனேன். அப்பா வெளக்குமாத்தோட தியேட்டர் வாசல்ல நின்னார்!"

கூட்டம் கைதட்டிச் சிரித்தது.

"அதுக்கு விருது எப்ப கொடுத்தாங்க?"

"அடுத்த வருஷ விழாவுல. ராத்திரி பூரா டிவி முன்னாடியே கிடந்தேன். அப்ப பதினொண்ணாவது..."

அங்கே அவன் குரல் நின்றது. எல்லோரும் அவன் ஏதோ வேடிக்கை சொல்லப்போகிறான் என்று காத்திருந்தார்கள். அவன் திரையைத் திரும்பிப் பார்த்தான். கப்பல் படத்தின் வரியில் சிவப்பு இல்லை. அதற்கு ஒரு வரி கீழே, அடுத்த வருஷத்தில், சிவப்பு இருந்தது. அந்த வருஷத்து விழாவில்தான் பெரியவர் மேடையேறி விருதை உயர்த்திக் காட்டினார். அந்த விருதைக் கொடுத்த நடுவர்களில் ஒருவர் இப்போது கடைசி வரிசையில் அவன் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

மன்றச் செயலாளர் பக்கத்தில் வந்து குனிந்தார். "என்னப்பா நின்னுட்ட? அடுத்த ஸ்லைடைப் போடு. அவ உன்னைக் குழப்பறா."

"போட்டது தப்பு, சார்" என்றான் வால்யூம் மெதுவாக.

"இருக்கட்டும். யார் போய் சரிபாக்கப் போறா?"

உண்மைதான், யாரும் சரிபார்க்க மாட்டார்கள். தொண்டையில் நிற்கும் வார்த்தையை விழுங்கிவிட்டால் கூட்டம் தோளில் தூக்கி வைத்துக்கொள்ளும். அவன் கடைசி வரிசையைப் பார்த்தான். டீச்சர் மறுபடியும் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டிருந்தார். இத்தனை தூரத்திலும் வால்யூமின் தொழில்கண்ணுக்குத் தெரிந்தது: வலது காது பக்கத்துக் கீலில் திருகாணி இல்லை. நூலால் சுற்றிக் கட்டியிருந்தார்.

அவன் ஒலிபெருக்கியைப் பிடித்தான்.

"நான் வருஷத்தை மாத்தி ஒட்டிட்டேன். டீச்சரைப் பத்தி நான் எழுதினது அத்தனையும் தப்பு. பெரியவருக்கு விருது கொடுத்தவங்கள்ல அவங்களும் ஒருத்தர்."

கூடமே வெடித்தது.

"விலை போயிட்டான்யா!"

"எவ்வளவு வாங்கினடா?"

"தங்கச்சி சின்னவர் ஆளுன்னு அப்பவே சொன்னேன்!"

யாரோ எறிந்த தண்ணீர் பாட்டில் திரையில் பட்டு விழுந்தது. தங்கை ஓடிப்போய் அண்ணன் முன்னால் நின்றாள். அவன் அவளைத் தள்ளினான். "போடி, எல்லாம் உன்னாலதான்" என்றான். ஆனால் பிடித்த அவள் தோளை அவன் விடவுமில்லை. டீச்சர் எழுந்து, யாரையும் பார்க்காமல், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

வால்யூம் அட்டவணையை நீக்கிவிட்டு, தப்பு எங்கே என்று விளக்கி எழுதினான். கீழே வந்ததெல்லாம் வசவு. மன்றத்திலிருந்து அவன் பெயரை எடுத்தார்கள். தங்கையிடமும் அவன் பேசவில்லை. சரியாகச் சொன்னவர்களை மன்னிப்பதுதான் மனிதருக்கு மிகக் கடினம்.

அடுத்த சனிக்கிழமை கடை மூடியதும் டீச்சர் வீட்டுக்குப் போனான். கதவில் எழுத்து இன்னும் இருந்தது. தேய்த்துப் பார்த்து முடியாமல் விட்டிருந்தது தெரிந்தது. கடையில் கண்ணாடிச் சட்டம் துடைக்கும் திரவத்தை அவன் கொண்டுவந்திருந்தான். பைக்கை நிறுத்தி, ஹெல்மெட்டை இருக்கைமேல் வைத்துவிட்டுத் துடைக்கத் தொடங்கினான். பாதி எழுத்து போயிருந்தபோது டீச்சர் வெளியே வந்தார்.

"யாரு அது?"

"நான்தான்மா. அந்த... அட்டவணை போட்டவன்."

"தெரியுது." அவர் வாசற்படியைவிட்டு இறங்கவில்லை. "நீங்க முதல்ல எழுதினதை எத்தனை பேர் படிச்சாங்க?"

"நிறைய பேர்மா."

"திருத்தி எழுதினதை?"

அவன் குனிந்து துணியில் இன்னும் கொஞ்சம் திரவத்தை ஊற்றினான்.

"கணக்குப் பாக்கறவர்தானே. சொல்லுங்க."

"கொஞ்சப் பேர்தான்மா."

"எனக்கும் அதுதான் தெரியுது. நாலு பிள்ளைங்க இருந்த இடத்துல இப்ப ஒரு பிள்ளை வருது. மன்னிப்பு கேட்க வந்தீங்கன்னா, என்கிட்ட இப்ப அது இல்லை."

"கேட்க வரலம்மா. எனக்கும் தெரியும், அது கிடைக்காதுன்னு." சட்டைப் பையிலிருந்து சிறிய திருப்புளியையும், காகிதத்தில் மடித்திருந்த திருகாணியையும் எடுத்தான். "கண்ணாடியைக் கொஞ்சம் கொடுங்க. கீல்ல ஆணி போட்டுடறேன். அவ்வளவுதான். அப்புறம் இந்தக் கதவை முடிச்சுட்டுக் கிளம்பிடறேன்."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றி, அவன் கையில் கொடுக்காமல், டொக்கென்று வாசற்சுவர்மேல் வைத்தார். அவன் நூலைப் பிரித்து ஆணியை முறுக்கினான். இரண்டு காதுக்கம்பியும் சமமாக இருக்கிறதா என்று கண்ணருகே தூக்கிப் பார்த்துவிட்டு, வைத்த இடத்திலேயே திருப்பி வைத்தான். அவர் மாட்டிக்கொண்டார். அது நழுவவில்லை. அவர் நன்றி சொல்லவும் இல்லை.

அவன் கதவுக்குத் திரும்பி மீதி எழுத்தைத் துடைத்தான். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. முதல் துளி தகரக் கூரைமேல் விழுந்த சத்தம் கேட்டது. டீச்சர் உள்ளே போகத் திரும்பியவர், நின்றார்.

"ஹெல்மெட்டை வெளியிலயே வெச்சிருக்கீங்க. நனைஞ்சா தலையில போடமுடியாது" என்றார், இன்னும் கடுமையாகவே. "உள்ள கொண்டாந்து வைங்க."